சின்னவரின் இருப்பிடம்

மனிதகுலத்தைக் கிருமிகளிடமிருந்து மீட்பதற்கென்றே அந்த உயராய்வு நிறுவனம் தோன்றியது என்று வாசலில் கருங்கல்லில் செதுக்கியிருந்தார்கள். உள்ளே கிருமிகளுக்குக் குளிரூட்டிய அறை, வேளை தவறாத சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமையும் வந்து நலம் விசாரித்துப் போக ஓர் ஆள் என்று ஒரு குறையும் இல்லை. மனிதகுலத்துக்கு, வாசலுக்கு வெளியே, கால் உடைந்த ஒரு பெஞ்சு.

அந்த பெஞ்சில் மைக் செட்காரர் உட்கார்ந்திருந்தார். நிறுவனம் அவருக்குப் புதிதல்ல. அங்கே ஆராய்ச்சி நடக்காத நாட்களில் விழா நடக்கும். அதனால் அவருக்கு அங்கே ஏறக்குறைய நிரந்தர வேலை. ஆனால் எப்போதும் ஸ்பீக்கர் பெட்டிகளோடு பின்வாசல் வழியாகத்தான் போய்வருவார். முன்வாசலுக்கு, வெறுங்கையோடு, ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தது இதுதான் முதல் தடவை.

கேள்வி அவர் மனைவியின் காலைப் பற்றியது. பரண்மேல் இருந்த குழாய் ஸ்பீக்கரைத் துடைக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறியவள், ஸ்டூலோடு கீழே வந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தையல் மட்டும் மூட மறுத்தது. சீழ் வடிந்துகொண்டே இருந்தது.

"உங்க மனைவி காலுல குடியேறியிருக்கிறது லேசுப்பட்ட கிருமி இல்ல," என்று அறுவை டாக்டர் சொன்னார். "நான் கொடுத்த மூணு மருந்தையும் டிபன் மாதிரி சாப்பிட்டுட்டுத் தெம்பா இருக்கு. சீழை எடுத்து அந்த உயராய்வு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கேன். எந்த மருந்துக்குச் சாகும்னு அவங்க சொல்லணும். சொன்னா அன்னைக்கே ஆரம்பிச்சுடலாம். சொல்லலேன்னா எலும்புக்குள்ள இறங்கிடும். அப்புறம் முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டியதுதான்."

"எதை டாக்டர்?"

"காலை."

அந்த ஒரு மருந்தின் பெயரைக் கேட்கத்தான் மைக் செட்காரர் வந்திருந்தார். துணை இயக்குநர் தாமே வாசலுக்கு ஓடிவந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் மைக் செட்காரரிடம் பேசியது, "இன்னும் கொஞ்சம் சத்தம் வைப்பா" என்பது மட்டும்தான்.

"நீங்கதான் அந்தக் காலோட வீட்டுக்காரரா? சொல்லவே இல்லையே," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டுத் தம் கையில் மருந்து நீரைத் தெளித்துக்கொண்டார். "பத்தொன்பது மருந்து போட்டுப் பார்த்துட்டோம். பத்தொன்பதையும் ஊதித் தள்ளிட்டாரு."

"யாரு சார்?"

"கிருமிதான். இப்படி ஒருத்தர் கிடைக்க மாட்டாரான்னு தவம் கிடந்தோம். கடைசில பாருங்க, நம்ம மைக் செட்டு வீட்டுலயே இருந்திருக்காரு."

"அப்ப அது எதுக்குமே சாகாதா?"

துணை இயக்குநரின் முகம் வாடியது. "இருபதாவதுக்குச் செத்துட்டாரு."

"அது என்ன மருந்து சார்?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அப்பாவுக்கு எத்தனை பல் என்று கேட்டதைப் போலத் துணை இயக்குநர் அவரைப் பார்த்தார். "அதை எப்படிங்க வெளிய சொல்றது? விவரம் இன்னும் பிரசுரமாகல. உலகத்துக்குச் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குச் சொன்னா உலகம் என்ன நினைக்கும்?"

"உலகத்துக்குக் கால் நல்லாத்தானே சார் இருக்கு."

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. எங்க பார்வையில உங்க மனைவி நோயாளி இல்ல. இருப்பிடம். ஒரு காட்டுல அபூர்வமா ஒரு புலி இருக்குன்னு வச்சுக்குங்க. காடு வந்து, 'எனக்கு அரிக்குது, புலியை விரட்டுங்க'ன்னு கேட்குமா? காலைப் பத்திரமாப் பார்த்துக்குங்க. முக்கியமா, குணப்படுத்திடாதீங்க."

மைக் செட்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு, அறுந்த மைக் வயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"காடா? என்னைக் காடுன்னு சொன்னானா?"

"உன்னை இல்ல. உன் காலை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு வந்துட்டேன்."

"உங்களைப் போய்ப் பேச அனுப்பினேன் பாருங்க. ஊருக்கெல்லாம் மைக்கு குடுக்கிற ஆளு, தனக்குன்னு வந்தா வாயைத் திறக்கிறதில்ல." ஈயம் வைக்கும் கம்பியை அவர் பக்கம் நீட்டினாள். "முதல்ல இதை உங்க நாக்குல வைக்கணும்."

அடுத்த வாரம் கிருமிக்குப் பெயர் சூட்டு விழா. மைக் செட் அவருடையதேதான். அவர் மனைவிக்கும் அழைப்பு வந்திருந்தது. அழைப்பிதழில் 'சிறப்பு விருந்தினர்: வலது கால்' என்று அச்சாகியிருந்தது. சக்கர நாற்காலியில் அவளை மேடையேற்றி, காலை மட்டும் ஒரு சிறு மேசைமேல் நீட்டிவைத்து, பூங்கொத்தைக் காலின்மேல் வைத்தார்கள். காலுக்குக் கைதட்டினார்கள்.

பிறகு இயக்குநர் எழுந்தார். நல்ல உயரம், வெள்ளித் தலை, எதிரொலிக்கும் தொண்டை. ஒரு கிருமியை அவர் கடைசியாகக் கண்ணால் பார்த்தது படிக்கிற காலத்தில். அதன்பிறகு பார்த்ததெல்லாம் கூட்டங்கள். இருபது வருஷம் ரெக்சின் நாற்காலிகளில் உட்கார்ந்து கூட்டம் நடத்தியதில் அவருக்கு இரண்டு சொத்துகள் சேர்ந்திருந்தன. ஒன்று, பதவி. மற்றது, உட்காருகிற இடத்தில் ஓயாத வேர்க்குரு. முதலாவதை ஊரறியும். இரண்டாவதை மைக் செட்காரர் ஒருவர்தான் அறிவார். ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் திரையோரமாக உட்காருவது அவர் வழக்கம். சபை இயக்குநரின் முகத்தைப் பார்க்கும். இவர் முதுகுப்புறத்தைப் பார்ப்பார். இயக்குநர் வலது கையில் மைக்கைப் பிடித்துப் பேசப் பேச, இடது கை கோட்டின் மறைவில் இடுப்புப் பட்டைக்குள் இறங்கி, அங்கே தன் போக்கில் ஓர் உரை நிகழ்த்திக்கொண்டிருக்கும்.

"இந்த உடல் நமது என்று இறுமாந்திருக்கிறோம்," என்றார் இயக்குநர் அன்று. "எண்ணிப் பாருங்கள். குடலில், தோலில், வாயில், மூக்கில் நம்மைவிட அவர்களே அதிகம். இந்த உடலில் நாம் சிறுபான்மையினர். அவர்கள் வீட்டு உரிமையாளர்கள், நாம் வாடகைக்கு இருப்பவர்கள். வாடகைக்கு இருப்பவன் உரிமையாளரைக் காலி செய்யச் சொல்வது எந்த ஊர் நியாயம்?"

கைதட்டல். இடது கையும் சற்று உற்சாகமாக இயங்கியது.

கிருமிக்கு இயக்குநரின் பெயரையே வைக்க வேண்டும் என்று துணை இயக்குநர் முன்மொழிந்தார். நிகழ்ச்சிநிரலில் கண்டபடி இயக்குநர் இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை கண்கலங்கி ஒப்புக்கொண்டார். ஆனால் பெரியவர் பெயரை வாய்க்கு வாய் சொல்ல ஊழியர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே கிருமி அவர்களுக்குச் 'சின்னவர்' ஆயிற்று. காலையில் வந்ததும், "சின்னவர் எப்படி இருக்காரு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கால் வீங்கிக்கொண்டிருந்தது.

அறுவை டாக்டர் பொறுமை இழந்து மைக் செட்காரரை அழைத்துக்கொண்டு தாமே நேரில் வந்தார். இருவரையும் மருந்துக் காப்புக் குழுவின்முன் நிறுத்தினார்கள். இருபதாவது மருந்து வீணாகாமல் காப்பதற்காக ஏற்பட்ட குழு அது. தலைவர் இயக்குநர். மற்ற உறுப்பினர்கள், தலைவர் சொல்லி முடித்ததும் இருமுவதற்காக இருந்தார்கள். சுவரோரம் ஒரு குளிர்பதனப் பெட்டி, பூட்டுப் போட்டு நின்றது.

"டாக்டர், இத்தனை மருந்தும் ஏன் வேலை செய்யாம போச்சு?" என்று இயக்குநர் கேட்டார். "கண்டவனும் கண்டதுக்கும் கொடுத்ததுனால. ஜலதோஷத்துக்குக் கொடுத்தான், கோழிக்குக் கொடுத்தான். கிருமி பழகிடுச்சு. ஆனா இந்த இருபதாவது மருந்துக்கு எதிர்ப்பே வரல. ஏன்?"

"ஏன்?"

"நாங்க யாருக்கும் கொடுத்ததே இல்ல."

உறுப்பினர்கள் இருமினார்கள்.

"தேவையில்லாதவனுக்குக் கொடுக்காதேங்கிறது சரி சார். நானே தினமும் அதைத்தான் கத்திக்கிட்டு இருக்கேன்," என்றார் டாக்டர். "தேவைப்படுறவனுக்கும் கொடுக்காதேன்னா எப்படி?"

"தேவைன்னு வந்துட்டாலே ஆபத்துதான் டாக்டர். நீங்க பேரைக் கேட்பீங்க, நான் சொல்லுவேன், நீங்க கொடுப்பீங்க, காலு சரியாயிடும். அப்புறம்? பக்கத்து ஊர்ல ஒருத்தன் கேட்பான். ஒரு உயிரைக் காப்பாத்தினா அது பழக்கமாயிடும்."

"அப்ப அந்தப் பெட்டியில இருக்கிற மருந்து?"

"வருஷா வருஷம் காலாவதியாகும். கொட்டிட்டுப் புதுசா வாங்கி வைப்போம். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

டாக்டருக்குப் பின்னால் நின்ற மைக் செட்காரர் கேட்டார்: "யாருக்காக ஐயா வாங்கி வைக்கிறீங்க?"

"எதிர்காலத்துக்காக."

"என் வீட்டுக்காரியும் எதிர்காலத்துலதானே ஐயா நடக்கணும்?"

குழு இதைக் கேள்வியாக ஏற்கவில்லை. அது முறையாக எழுப்பப்படவில்லை என்று தீர்மானித்தது. வெளியே வந்ததும் டாக்டர் மைக் செட்காரரின் தோளில் கைவைத்தார். "இனிமே தள்ளிப்போட முடியாது. அடுத்த வாரக் கடைசியில எடுத்துடலாம். காலா உயிரான்னு பார்த்தா..." என்று சொல்லிவிட்டு, முடிக்காமல் நடந்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் மைக் செட்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. வந்தது வந்தபடியே உள்ளே உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் துணை இயக்குநர் வியர்க்க விறுவிறுக்க அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, மோசம் போயிட்டோம். சின்னவர் கெட்டுப்போயிட்டாரு."

"செத்துட்டானா?" என்றாள் அவள் ஆசையோடு.

"இல்லம்மா. நல்லவராயிட்டாரு. இப்ப எந்த மருந்தைக் காட்டினாலும் செத்துடுறாரு."

விஷயம் இதுதான். மருந்தோடு போராடிப் போராடி வளர்ந்த கிருமி, நிறுவனத்தில் சேர்ந்தபின் போராட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. குளிரூட்டிய அறை, நேரத்துக்குச் சாப்பாடு, எதிரி கிடையாது, எழுப்புவாரும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அப்படியே கிடந்து, தன் திறமையை எல்லாம் ஒவ்வொன்றாக மறந்துவிட்டது. அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த எல்லோருக்கும் நேர்வதுதான் என்பதால் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. மூலக் கிருமியை உறைபெட்டியில் போட்டு வைத்திருக்கலாம். உறைபெட்டி முழுக்க விழாவுக்கு வாங்கிய பூங்கொத்துகள் இருந்தன.

"உலகத்துல இருந்து ஒரு குழு வருது," என்று துணை இயக்குநர் கெஞ்சினார். "சின்னவரை நேர்ல பார்த்துட்டு எங்களுக்கு உச்ச அந்தஸ்து தரப்போறாங்க. கொஞ்சம் சீழ் குடுத்தீங்கன்னா..."

"மருந்து பேரைச் சொல்லுங்க. ஒரு வாளி வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"முழுப் பேரு எனக்கே தெரியாதும்மா. ரகசியம் வெளிய போயிடக் கூடாதுன்னு ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கோம். முன்பாதி என் பொறுப்பு. பின்பாதி ஐயா பொறுப்பு."

"அப்ப ரெண்டு பாதியும் சேர்ந்து வெளிய போங்க."

மைக் செட்காரர் குறுக்கிட்டார். "சார், தரோம். ஆனா ஐயாவே மேடையில, எல்லார் முன்னாடியும், அவர் கையாலேயே எடுக்கணும். வேற யார் எடுத்தாலும் தரமாட்டோம்."

துணை இயக்குநரின் முகம் மலர்ந்தது. "ஐயாவுக்கு இது ரொம்பப் பிடிக்குமே," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

"உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்றாள் மனைவி. "காலும் போகப்போகுது. போறதுக்கு முன்னாடி அதை வச்சு அந்த ஆளுக்குப் பூஜை வேற போடணுமா?"

"இரு. நான் அவரை எப்பவும் பின்னாடி இருந்துதான் பார்க்கிறேன்," என்றார் அவர். மூலையில் கிடந்த மைக் ஸ்டாண்டை எடுத்துத் துருப்பிடித்த திருகுக்கு எண்ணெய் விட்டார்.

விழா நாளில் உலகக் குழு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. மேடையில் கால் தன் மேசையில் நீண்டிருந்தது. இயக்குநருக்குக் கையுறை நீட்டினார்கள். அவரும் மாட்டிக்கொண்டார். புகைப்படக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"ஐயா, கையுறையோட எடுத்தா அது யார் கைன்னே தெரியாது. மோதிரமும் மறைஞ்சுடுது."

இயக்குநர் கையுறையைக் கழற்றினார். பஞ்சு சுற்றிய குச்சியை வலது கையில் எடுத்துப் புண்ணுக்குள் விட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஐயா, இன்னொரு தடவை, இந்தப் பக்கம் பார்த்து," என்றார் புகைப்படக்காரர். "குச்சியைக் கொஞ்சம் உசத்தி. சிரிச்ச மாதிரி." ஏழெட்டுத் தடவை நடந்தது. சீழ் குச்சியில் வழிந்து, விரலில் வழிந்து, மோதிரத்தில் தேங்கியது. கை கழுவும் மருந்து நீர் பக்கத்திலேயே, அழகான ஒரு தூணில், பெரிய புட்டியாக இருந்தது. ஆனால் அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. கை தூய்மைத் திட்டத்தை விழா முடிவில் உலகக் குழுவின் தலைவர் ரிப்பன் வெட்டித் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் யாரும் அதைத் தொடக் கூடாது.

இயக்குநர் கையைக் கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டு, வழக்கம்போல் மைக்குக்காக வலது கையை நீட்டினார்.

"கை மைக்கு கொரகொரங்குதுங்க ஐயா," என்றார் மைக் செட்காரர் பணிவாக. "ஸ்டாண்டு போட்டு வச்சிருக்கேன். கையைச் சும்மா தொங்கவிட்டுக்கிட்டே பேசலாம்."

இயக்குநர் ஸ்டாண்டின்முன் போய் நின்றார். இடது கைக்குத் தாள் புரட்டும் வேலை வந்தது. வலது கைக்கு வேலையில்லை. மைக் செட்காரர் திரையோரம் உட்கார்ந்து காத்திருந்தார். "மருந்துகளை மனிதர்களிடமிருந்து காப்பதே எமது பணி" என்ற இடத்தில் வலது கை கோட்டின் மறைவுக்குப் போயிற்று. "வருங்காலத் தலைமுறை" என்னும்போது இடுப்புப் பட்டைக்குள் இறங்கிவிட்டது. நீண்ட உரை அது. மைக் செட்காரர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

பஞ்சுக் குச்சியால் பயன் ஏதும் ஏற்படவில்லை. படத்துக்காக உயர்த்திப் பிடித்துப் பிடித்தே அது காய்ந்துபோயிற்று. ஆய்வுக்கூடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. சின்னவர் வேறோர் இடத்தில் முளைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் இயக்குநர் 'நிற்கும் நிர்வாகம்' என்ற புதிய முறையை அறிவித்தார். உட்கார்ந்து நடத்தும் கூட்டங்களில் சிந்தனை தேங்கிவிடுகிறது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அலுவலகத்தில் இருந்த நாற்காலிகளை எல்லாம் அகற்றினார்கள். பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு அவரால் நிற்கவும் முடியவில்லை. குப்புறப் படுத்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

மைக் செட்காரரின் மனைவியும் அன்று காலையில்தான் அங்கே சேர்ந்திருந்தாள். மறுநாள் கால் எடுக்க வேண்டும். அவள் கட்டில் வார்டின் கதவோரம். இயக்குநரின் தனியறை நடைவழிக்கு எதிர்ப்புறம். டாக்டர் கட்டியைப் பார்த்தார். நெருங்கிக் குனிந்து மறுபடி பார்த்தார்.

"இந்தச் சீழை நான் எங்கேயோ பார்த்திருக்கேனே," என்றார். "பத்தொன்பது மருந்தும் இதுக்கு ஆகாது. இருபதாவது வேணும். பேரைச் சொல்லுங்க சார், ஆரம்பிச்சுடலாம்."

இயக்குநர் துணை இயக்குநருக்குப் போன் போட்டார். படுத்த நிலையில் காதில் வைக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, குழு கூடணுமே," என்றது போன்.

"கூட்டுய்யா."

"நீங்கதான் தலைவர். நீங்களே இப்ப இருப்பிடமாவும் ஆயிட்டீங்க. ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு விதி. நீங்க கையெழுத்துப் போட்ட விதிதான் ஐயா."

"விதி கிடக்கட்டும். என் பாதி எனக்குத் தெரியும். உன் பாதியைச் சொல்லு."

"அது எப்படிங்க ஐயா. ஒரு உயிரைக் காப்பாத்தினா பழக்கமாயிடும்னு நீங்கதானே..." போனில் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. இருபது வருஷம் பின்னால் நின்று பை தூக்கிய மூச்சு அது. "உங்க நாற்காலி காலியாச்சுன்னா விதியை வேற மாதிரி பார்க்கலாம்."

"எடுத்துக்கோ," என்று இயக்குநர் அலறினார். "நாற்காலியை வச்சு இனிமே நான் என்ன பண்ணப்போறேன்?"

போன் முன்பாதியைச் சொன்னது. இயக்குநர் பின்பாதியைச் சேர்த்து முழுப் பெயரையும் ஒரே கத்தாகக் கத்தினார். நடைவழி முழுக்க, வார்டு முழுக்க, கீழே சைக்கிள் நிறுத்துமிடம்வரை கேட்டது. மைக் தேவைப்படவில்லை.

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அது ஒரு பழைய ஊசி மருந்து. அவர் படித்த காலத்தில் நீர்க்கடுப்புக்குப் போட்டது. புதுப்புது மருந்துகள் வரவர எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். "இதையா பூட்டி வச்சிருந்தாங்க? எதிர்க்கடையிலேயே கிடக்குமே," என்றார். நிறுவனத்தின் பெட்டியில் இருந்த சரக்கு போன வாரம்தான் காலாவதியாகியிருந்தது.

எதிர்க்கடையில் மேல்தட்டில் தூசியோடு ஒரே ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. ஒருவருக்கு முழுசாகப் போட்டு முடிக்க வேண்டிய அளவு. இயக்குநரின் டிரைவர் ஓடிவந்து கேட்டபோது கடைக்காரர் தூசித் தடத்தை மட்டும் காட்டினார்.

"இப்பதான் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. கத்தின சத்தம் அடங்குறதுக்குள்ள வந்துட்டாரு."

சிறிது நேரத்தில் இயக்குநரே வார்டுக்குள் வந்தார். ஆஸ்பத்திரி அங்கிக்குப் பின்பக்கம் திறப்பு. ஒரு கையால் அதைச் சேர்த்துப் பிடித்திருந்தார். கட்டிலில் அவள் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவர். அந்தப் பக்கம் வார்டு ஆயா, கையில் துடைப்பத்தோடு.

"வாங்க சார்," என்றாள் அவள். "உட்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"அம்மா, அந்த மருந்து..."

"அது குழு முடிவு பண்ணணும் சார். நாங்க மூணு பேரும்தான் குழு. ஆயா, கொஞ்சம் இருமுங்க."

ஆயா இருமினாள்.

"இந்த மருந்து இன்னும் ஏன் சார் வேலை செய்யுது? உங்களுக்கு யாரும் கொடுக்காததுனால. உங்களுக்குக் கொடுத்தா சரியாயிடும். அப்புறம் உங்களை மாதிரி இன்னொருத்தர் கேட்பாரு. பழக்கமாயிடும்."

"பாதியாவது குடும்மா," என்றார். அந்தத் தொண்டையிலிருந்து அப்படியொரு சின்னக் குரல் வரும் என்று யாரும் நினைத்ததில்லை.

டாக்டர் ஊசியோடு உள்ளே வந்தார். "பாதிப் பாதி ஆகாது. ஆளுக்குப் பாதி போட்டா ரெண்டு பேர்கிட்டயும் கிருமி சாகாது, மருந்தைப் பழகிடும். அது உங்களுக்கே தெரியும் சார். இந்தம்மாவுக்கு முழுசும் போட்டாகணும். கடைக்குப் புதுச் சரக்கு வரும். அதுவரைக்கும் வலி தாங்க முடியலேன்னா கீறிவிடுறேன்."

"வர்றதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"பொறுங்க சார்," என்றாள் அவள், காலைத் தூக்கி டாக்டர் பக்கம் வைத்துக்கொண்டு. "வாடகைக்கு இருக்கிறவர் வீட்டு ஓனரைக் காலி பண்ணச் சொல்றது எந்த ஊரு நியாயம்?"

இயக்குநர் கணவரைப் பார்த்தார். ஆண்பிள்ளை, இத்தனை வருஷப் பழக்கம், இரக்கப்படுவான் என்று நினைத்திருக்கலாம். மைக் செட்காரர் சொன்னார்: "திரும்பிப் போங்க ஐயா. நான் எப்பவும் பார்க்கிற பக்கம்தானே, எனக்குப் பழக்கம்தான்."

காலை எடுக்கவில்லை. சில வாரங்களில் புண் மூடியது, அவள் நடந்தாள், ஸ்டூலில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, "அப்ப குழாயை யார் துடைக்கிறது, இவரா?" என்று கேட்டாள். இயக்குநருக்கும் கடைசியில் மருந்து கிடைத்தது. அதற்குள் கட்டியை இரண்டு தடவை கீற வேண்டியிருந்தது. மரத்துப்போகச் செய்யும் ஊசி சீழுக்குள் சரியாகப் பிடிக்கவில்லை. சத்தம் கேட்டு எதிர் வார்டில் ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை.

துணை இயக்குநர் இயக்குநரானார். வந்த முதல் நாளே அவருக்கு ஒரு சங்கடம். உலகக் குழு சின்னவரைத் திரும்பவும் கேட்டது, கால் ஆறிவிட்டது. நல்லவேளையாக, கட்டியைக் கீறியபோது எடுத்த சீழ் ஆஸ்பத்திரியில் இருந்தது. அதில் சின்னவர் முழு வீரியத்தோடு எழுந்து நின்றார். பெயர் ஏற்கெனவே வைத்தாயிற்று, மாற்ற விதியில் இடமில்லை. உலகக் கிருமிப் பட்டியலில் முன்னாள் இயக்குநரின் பெயரோடு சின்னவர் ஏறினார். ஒரு கிருமியைப் பட்டியலில் சேர்க்கும்போது அது எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிய இயக்குநர் ஒளிவுமறைவு இல்லாதவர். தெளிவாகவே சொன்னார். இப்போது உலகத்தில் எந்த மூலையில் யார் அந்தக் கிருமியைப் படித்தாலும், பெயருக்குக் கீழே 'கிடைத்த இடம்: இடது பிட்டம்' என்று இருக்கும்.

அது தவறு. வலது.